விமானக் கம்பெனி தரும் 'இலவச' பயிற்சி: பாண்டில் கையெழுத்து போடும் முன் போட வேண்டிய கணக்கு



சர்வீஸ் பாண்ட் பற்றி நம்ம சேனலில் வீடியோ போட்டபோது ஐ.டி. பசங்கதான் கமெண்டில் கேள்வி கேட்பாங்கன்னு நினைச்சேன். வந்ததிலேயே உருப்படியான கேள்வி ஒரு விமான ஹேங்கரிலிருந்து வந்தது. "அண்ணா, ஏ.எம்.இ. முடிச்சு லைசென்ஸ் வாங்கிட்டேன். ஒரு சின்ன ரீஜனல் ஏர்லைன்ல வேலை கிடைச்சிருக்கு. ஏ.டி.ஆர். டைப் ட்ரெயினிங் அவங்களே ஃப்ரீயா தர்றாங்களாம். 4 வருஷ பாண்ட், 6 லட்சம். அப்பாவும் கையெழுத்து போடணுமாம். போடலாமா?"

இந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. அதனால்தான் இந்தக் கட்டுரை. நீங்கள் ஏவியேஷனில் இல்லாவிட்டாலும் படியுங்கள். கம்பெனி செலவில் பயிற்சி, பதிலுக்கு பாண்ட் என்று எந்தத் துறையில் சொன்னாலும் கணக்கு இதேதான். இந்தத் துறையில் தொகை பெரிசு, கம்பெனி சின்னது. அதனால் எல்லாமே கொஞ்சம் பளிச்சென்று தெரியும், அவ்வளவுதான்.

முதலில், கம்பெனி எதைத் தருகிறது?

ஏ.எம்.இ. என்றால் விமானப் பராமரிப்புப் பொறியாளர். லைசென்ஸ் தருவது டி.ஜி.சி.ஏ. ஒவ்வொரு மாட்யூல் தேர்விலும் 75 சதவீதம் எடுத்தால்தான் பாஸ். அதோடு நிஜ விமானத்தில் வேலை பார்த்த அனுபவமும் காட்ட வேண்டும். எஞ்சின், பாடி பக்கம் போகிறவர்களுக்கு பி1, மின்சாரம், ஏவியானிக்ஸ் பக்கம் போகிறவர்களுக்கு பி2. இது வரைக்கும் உங்கள் சொந்த உழைப்பு, அப்பா அம்மாவின் பணம்.

ஆனால் இந்த லைசென்ஸை மட்டும் வைத்துக்கொண்டு "விமானம் பறக்கத் தயார்" என்று கையெழுத்து போட முடியாது. அந்தக் கையெழுத்துக்குத்தான் இந்தத் துறையில் சம்பளமே. அதைப் போட இன்னும் இரண்டு விஷயம் வேண்டும். ஒன்று டைப் ரேட்டிங்: குறிப்பிட்ட விமான மாடல், குறிப்பிட்ட எஞ்சினுக்கான பயிற்சியை முடித்து, அதை லைசென்ஸில் ஏற்ற வேண்டும். முதல் டைப் என்றால் வகுப்பு, செய்முறை போக ஹேங்கரில் ஆன் தி ஜாப் ட்ரெயினிங்கும் உண்டு. இன்னொன்று, நீங்கள் வேலை பார்க்கும் நிறுவனம் தரும் ஆத்தரைசேஷன்.

இதில் எது யாருடையது என்று பாருங்கள். லைசென்ஸும் அதில் ஏறிய டைப் ரேட்டிங்கும் உங்கள் பெயரில் இருக்கும். வேலையை விட்டாலும் கூடவே வரும். ஆத்தரைசேஷன் கம்பெனியோடது, ஐ.டி. கார்டு மாதிரி, விட்டுட்டு வர வேண்டியதுதான்.

ஆக, கம்பெனி உங்களுக்குத் தருவது நீங்கள் கையோடு எடுத்துக்கொண்டு போகக்கூடிய ஒரு சொத்து. அதனாலதான் பாண்ட் கேட்கிறார்கள். அவர்கள் பக்கத்து நியாயத்தையும் பார்க்கணும். ஒரு சின்ன ஏர்லைனிடம் மூன்று விமானம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கையெழுத்து போட ஆளில்லாமல் ஒன்று தரையில் நின்றால், அன்றைக்கு வரவேண்டிய வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு போச்சு. நூற்றுக்கணக்கில் விமானம் வைத்திருக்கிற கம்பெனிக்கு அது சில்லறை. சின்ன ஏர்லைன் பயிற்சி கொடுத்து ஆளைத் தயார் செய்ய, ரேட்டிங் ஏறிய மறு மாதமே பெரிய ஏர்லைன் கூடுதல் சம்பளம் காட்டி இழுத்துக்கொண்டு போனால், அந்தச் செலவை யார் ஏற்பது? பைலட்டுகள் விஷயத்தில் இந்தப் பிரச்சினைக்கு டி.ஜி.சி.ஏ.வே 2017-ல் நோட்டீஸ் பீரியடை நீட்டியது. கமாண்டருக்கு 1 வருஷம், கோ-பைலட்டுக்கு 6 மாதம். பாண்ட் என்பது அதன் இன்னொரு வடிவம்.

நியாயம் இருக்கு, சரி. ஆனால் நியாயமான காரணத்துக்காக அநியாயமான பேப்பரையும் எழுதலாம் இல்லையா?

பேப்பரில் எந்த வரியைத் தேட வேண்டும்

தொகையைப் பார்த்ததும் எல்லோரும் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். 6 லட்சமா 4 லட்சமா என்பது எனக்கு இரண்டாவது கேள்விதான். முதல் கேள்வி: மாதம் போகப் போக அந்தத் தொகை குறைகிறதா, கடைசி நாள் வரை அப்படியே நிற்கிறதா?

6 லட்சத்தை 48 மாதத்தால் வகுத்தால் மாதம் 12,500. குறைகிற பாண்ட் என்றால் ஒவ்வொரு மாதமும் 12,500 உங்கள் கணக்கில் தள்ளுபடி ஆகிக்கொண்டே வரும். 40 மாதம் முடித்துவிட்டு விலகினால் மீதி 8 மாதத்துக்கு 1 லட்சம் கட்டினால் போதும். குறையாத பாண்டில், அதே 40 மாதம் வேலை பார்த்த பிறகும் முழு 6 லட்சம். 47-வது மாதத்தில் விலகினாலும் 6 லட்சம்தான்.

இதை இன்னும் கொஞ்சம் தள்ளிப் பார்ப்போம். 28 மாதம் ஆகிவிட்டது. பெரிய ஏர்லைன் ஒன்று கையில் வருகிற சம்பளத்தில் மாதம் 30,000 கூடுதலாகத் தருகிறது. பாண்டில் 20 மாதம் பாக்கி. அந்த 20 மாதத்தில் உங்களுக்குக் கூடுதலாகக் கிடைப்பது 6 லட்சம். குறைகிற பாண்டில் நீங்கள் கட்ட வேண்டியது 2.5 லட்சம், ஆக 3.5 லட்சம் லாபத்தோடு போகலாம். குறையாத பாண்டில் 6 லட்சம் கட்டி 6 லட்சம் வாங்குகிறீர்கள். லாபம் பூஜ்யம். ஒரே தொகை, ஒரே காலம், ஒரே ஒரு வரிதான் வித்தியாசம். அது உங்களை இரண்டு வருஷம் கட்டிப்போட்டுவிடுகிறது.

ஹெச்.ஆரிடம் பேரம் பேச ஒரே ஒரு வாய்ப்புதான் என்றால், தொகையைக் குறைக்கச் சொல்லாதீர்கள். மாதாமாதம் குறைகிற மாதிரி எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலும் அவர்களுக்கும் அதை மறுக்கக் காரணம் கிடைக்காது.

இரண்டாவதாக, 48 மாதம் எந்தத் தேதியிலிருந்து எண்ணப்படுகிறது? சேர்ந்த தேதியா, பயிற்சி முடிந்த தேதியா, லைசென்ஸில் ரேட்டிங் ஏறிய தேதியா, இல்லை ஆத்தரைசேஷன் கிடைத்த தேதியா? வகுப்பு, செய்முறை, ஆன் தி ஜாப், டி.ஜி.சி.ஏ. ஃபைல் எல்லாம் முடிய 10 மாதம் ஆனது என்று வையுங்கள். ஆத்தரைசேஷன் தேதியிலிருந்து எண்ணினால் உங்கள் 4 வருஷ பாண்ட் 58 மாத பாண்ட், கிட்டத்தட்ட 5 வருஷம். அந்த 10 மாதம் ஸ்டைபண்ட் மட்டும்தான் என்றால் நிலைமை இன்னும் மோசம். ஃபைல் தாமதம் உங்கள் தப்பே இல்லை, ஆனால் நஷ்டம் உங்கள் தலையில்.

மூன்றாவது, இதை நிறைய பேர் கவனிப்பதே இல்லை. பாண்ட் காலத்தில் இன்னொரு பயிற்சிக்கு அனுப்பினால் புதிய பாண்ட் பழையதோடு சேர்ந்து ஓடுமா, இல்லை பழையது முடிந்த பிறகு தொடங்குமா? "கம்பெனி அவ்வப்போது தரும் எல்லாப் பயிற்சிக்கும் பொருந்தும்" என்று ஒரு வரி இருந்தால், அது முடிவே இல்லாத பாண்ட்.

அப்புறம் அந்த அப்பா கையெழுத்து. ஜாமீன் கையெழுத்து என்றால் நீங்கள் கட்டாவிட்டால் அவரிடம் கேட்கலாம் என்று அர்த்தம். ரிட்டயர் ஆகப்போகிற அப்பாவின் சேமிப்பை உங்கள் வேலை ஒப்பந்தத்தோடு முடிச்சுப் போடுகிறீர்கள். முடிந்தவரை தவிர்க்கப் பாருங்கள். தேதி போடாமல் கையெழுத்து போட்ட செக் கேட்டால் மட்டும் நான் கண்டிப்பாக வேண்டாம் என்பேன். பாண்ட் தகராறு சிவில் விஷயம். செக் திரும்பினால் 138-வது பிரிவு, அது கிரிமினல் வழக்கு. கடைசியில் ஜெயித்தாலும் அதுவரை கோர்ட்டுக்கு அலைய வேண்டியது நீங்கள்தான். ஒரிஜினல் சர்டிஃபிகேட்டையும் கொடுக்காதீர்கள், காட்டிவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கம்பெனி முதலில் போய்விட்டால்?

நீங்கள் 4 வருஷம் இருப்பேன் என்று எழுதிக் கொடுக்கிறீர்கள். கம்பெனி 4 வருஷம் இருக்குமா? அதை எந்தப் பேப்பரிலும் யாரும் எழுதித் தருவதில்லை.

இந்தியாவில் ரீஜனல் ஏர்லைன்களின் கதையைக் கொஞ்சம் பார்ப்போம். மதுரை ஜவுளிக் குழுமம் ஒன்று தொடங்கிய பாரமவுண்ட் ஏர்வேஸ் 2005-ல் சென்னையிலிருந்து பறக்க ஆரம்பித்து 2010-ல் நின்றது. கோயம்புத்தூரின் ஏர் கார்னிவல் 2016-ல் வந்து 2017-லேயே போனது. விஜயவாடாவின் ஏர் கோஸ்டா 2013 முதல் 2017 வரை. சேலத்துக்காரர்களுக்கு ட்ரூஜெட் ஞாபகம் இருக்கும். 2018-ல் சென்னை-சேலம் ஏ.டி.ஆர். ஓட்டியது அவர்கள்தான். 2022-ல் அதுவும் நின்றது.

இதில் பாரமவுண்ட் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். அவர்கள் ஓட்டியது எம்பிரேயர் 170, 175. பிரேசில் தயாரிப்பு, நல்ல விமானம். 2010-ல் பாரமவுண்ட் நின்றபோது நம்ம நாட்டில் அந்தக் குடும்ப விமானத்தை ஓட்ட வேறு ஏர்லைன் இல்லை. 2013-ல் ஏர் கோஸ்டா எம்பிரேயரோடு வந்தது, 2017-ல் நின்றது. மறுபடியும் இடைவெளி. 2023-ல் ஸ்டார் ஏர் எம்பிரேயர் 175 கொண்டுவந்தது. அந்த ரேட்டிங்கை லைசென்ஸில் வைத்திருந்த ஒருவரின் நிலையை யோசித்துப் பாருங்கள். அதே ஆள், அதே திறமை, அதே கையெழுத்து. ஆனால் உள்ளூர் சந்தையில் அதன் மதிப்பு சுவிட்ச் போட்ட மாதிரி எரிந்தது, அணைந்தது, எரிந்தது, அணைந்தது. இதில் இன்னொரு விதி வேறு: லைசென்ஸைப் பயன்படுத்த வேண்டுமானால் கடந்த 2 வருஷத்தில் குறைந்தது 6 மாதம் பராமரிப்பு வேலை பார்த்திருக்க வேண்டும். சும்மா வீட்டில் உட்கார்ந்து அடுத்த ஏர்லைனுக்குக் காத்திருக்க முடியாது.

இப்போது நம்ம தம்பியின் ஏ.டி.ஆர். பக்கம் வருவோம். ஏ.டி.ஆர். 72-ஐ இன்று இண்டிகோ ஓட்டுகிறது, அலையன்ஸ் ஏர் ஓட்டுகிறது, கோவாவிலிருந்து ஃப்ளை91 ஓட்டுகிறது. வெளிநாட்டிலும் நிறைய பறக்கிறது. ஒரு கம்பெனி படுத்தாலும் கதவைத் தட்ட வேறு வீடு இருக்கிறது. ஆகவே "பயிற்சியின் விலை 6 லட்சம்" என்று கம்பெனி எழுதியதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், "இந்த ரேட்டிங்குக்கு இந்தியாவில் எத்தனை முதலாளி?" என்று எண்ணுங்கள். மூன்று நான்கு பேர் என்றால் அது சொத்து. ஒரே ஒருவர்தான் என்றால் வெளியே போகவும் இடமில்லை, அப்புறம் பாண்டே தேவையில்லை, ரேட்டிங்கே பாண்ட்தான்!

இன்னொரு விஷயம், உடான் திட்டம். சின்ன ஊர்களுக்குப் பறக்கும் ஏர்லைனுக்கு அரசு தரும் இழப்பீட்டுத் தொகை ஒரு ரூட்டுக்கு 3 வருஷம்தான். ஏர்லைனின் ரூட்டுகளில் பெரும்பகுதி உடான் என்றால், உங்கள் 4 வருஷ பாண்ட் முடிவதற்குள் அந்தப் பணம் நின்றுவிடலாம். அதற்குப் பிறகு டிக்கெட் காசிலேயே ஓட்ட முடியுமா என்பதை நீங்கள் கணிக்க முடியாது. ஆனால் எந்த ரூட் எப்போது தொடங்கியது என்று தேடிப் பார்க்கலாம். இன்டர்வியூவில் கேட்கவும் செய்யலாம், மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

அதனால் பேப்பரில் இந்த வரி இருக்கிறதா பாருங்கள்: கம்பெனி செயல்பாட்டை நிறுத்தினாலோ, ஆட்குறைப்பு செய்தாலோ, சம்பளம் இரண்டு மாதத்துக்கு மேல் நிலுவையில் இருந்தாலோ பாண்ட் செல்லாது. இல்லை என்றால் சேர்க்கச் சொல்லுங்கள். ஒப்பந்தத்தை மாற்ற முடியாது என்றால் ஹெச்.ஆரிடமிருந்து ஒரு ஈமெயிலாவது வாங்கி வையுங்கள், ஆபீஸ் ஐ.டி.யில் இல்லை, உங்கள் சொந்த ஈமெயிலில்.

கோர்ட் என்ன சொல்லும்?

"பாண்ட் எல்லாம் சட்டப்படி செல்லாது ப்ரோ" என்று இன்ஸ்டா ரீல்ஸில் அடித்துவிடுகிறார்கள். நம்பாதீர்கள். 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதற்கு நேர் எதிர். 3 வருஷம் இருக்க வேண்டும், முன்பே விலகினால் 2 லட்சம் என்ற நிபந்தனை செல்லும் என்று தீர்ப்பு. இது வேறு வேலைக்குப் போவதைத் தடுப்பதில்லை, அதனால் ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவை மீறவில்லை என்றது. அது பொதுத்துறை வங்கி, ஆள் எடுக்கும் முறையும் செலவும் வேறு, உண்மைதான். ஆனாலும் "செல்லாது" என்று கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்து போடும் காலம் முடிந்தது.

அதே சமயம் பாண்டில் எழுதிய தொகை தானாக உங்கள் கடனாகிவிடாது. 74-வது பிரிவின்படி அது உச்சவரம்பு, அதற்குள் நியாயமான இழப்பீடு எதுவோ அதுதான் கிடைக்கும். பயிற்சிக்கு உண்மையில் எவ்வளவு செலவானது, நீங்கள் எத்தனை மாதம் வேலை பார்த்தீர்கள் என்பதெல்லாம் அங்கே பேசும். அதனால் பயிற்சியின் பெயர், நடத்திய நிறுவனம், தேதிகள் எல்லாவற்றுக்கும் ஒரு காப்பி வைத்திருங்கள். உங்களைக் கட்டாயப்படுத்தி வேலை பார்க்க வைக்க எந்தக் கோர்ட்டாலும் முடியாது. பணம்தான் கேட்க முடியும்.

பி.எஃப். பாஸ்புக்கை ஏன் மாதாமாதம் பார்க்க வேண்டும்

பணக் கஷ்டத்தில் இருக்கிற கம்பெனி முதலில் கட்டாமல் விடுவது பெரும்பாலும் உங்கள் சம்பளம் இல்லை. பே ஸ்லிப்பில் பி.எஃப். பிடித்திருப்பார்கள், கணக்கில் போய்ச் சேர்ந்திருக்காது. ஒரு மாதத்துக்கான பி.எஃப். அடுத்த மாதம் 15-ம் தேதிக்குள் கட்டப்பட வேண்டும். இரண்டு மாதம் தொடர்ந்து பாஸ்புக்கில் வரவு இல்லை என்றால், கேன்டீன் வதந்தியைவிட அது நம்பகமான செய்தி. வேறு வேலை தேட ஆரம்பியுங்கள்.

ஜெட் ஏர்வேஸ் ரீஜனல் இல்லை, 25 வருஷம் ஓடிய பெரிய கம்பெனி. 2019 ஏப்ரல் 17-ல் நின்றது. ஊழியர்களின் பி.எஃப்., கிராஜுவிட்டியை முழுசாகத் தர வேண்டும் என்று மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சொன்னது 2022 அக்டோபரில். உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்தது 2023 ஜனவரியில். அந்தக் கம்பெனியைக் கலைக்க உத்தரவு வந்தது 2024 நவம்பரில். திவால் சட்டத்தில் பி.எஃப்., கிராஜுவிட்டி நிதிக்குப் பாதுகாப்பு இருக்கிறது, ஆனால் காலண்டரைப் பாருங்கள். சம்பள பாக்கிக்கு வரிசை இன்னும் நீளம். சின்ன ஏர்லைனில் சேர்பவர்களுக்கு 6 மாதச் செலவுக்கான எமர்ஜென்சி ஃபண்ட் என்று நான் சொல்வது இதனால்தான். பாண்ட் தொகையில் பாதியாவது தனியாக லிக்விட் ஃபண்டிலோ ஆர்.டி.யிலோ சேர்த்துவிட்டால் அதுவே உங்கள் வெளியேறும் டிக்கெட்டும் ஆகும்.

கடைசியா, என் ஏரியா: வரி

பாண்ட் தொகையை ஃபுல் அண்ட் ஃபைனலில் பிடிக்கும்போது அதற்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. போட்டு அனுப்பினால் கட்டாதீர்கள். பாண்டுக்காகவும் நோட்டீஸ் பேக்காகவும் ஊழியரிடம் பிடிக்கும் தொகைக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்று மத்திய மறைமுக வரி வாரியம் 2022 ஆகஸ்ட் 3-ம் தேதி சுற்றறிக்கை, எண் 178, வெளியிட்டிருக்கிறது. அந்த எண்ணைக் குறிப்பிட்டு ஒரு மெயில் போட்டாலே போதும்.

வருமான வரி கொஞ்சம் சிக்கல். பிடித்த தொகையைக் கழிக்காமல் முழுச் சம்பளத்தையும் ஃபார்ம் 16-ல் காட்டுவார்கள். சட்டத்தில் இதற்கென்று தனிக் கழிவு கிடையாது. நோட்டீஸ் பே விஷயத்தில், கைக்கு வந்த சம்பளத்துக்குத்தான் வரி என்று அகமதாபாத் வருமான வரித் தீர்ப்பாயம் 2017-ல் ஊழியருக்குச் சாதகமாகச் சொல்லியிருக்கிறது. அதை வைத்து க்ளெய்ம் செய்யலாம், ஆனால் நோட்டீஸ் வந்தால் பதில் சொல்லத் தயாராக இருக்க வேண்டும். தொகை சின்னது என்றால் நான் அந்த வழிக்குப் போகச் சொல்ல மாட்டேன். புதிய கம்பெனி உங்கள் பாண்டைக் கட்டித் தந்தால் பொதுவாக அதையும் உங்கள் சம்பளமாகவே கணக்கிட்டு டி.டி.எஸ். பிடிப்பார்கள். "6 லட்சம் பாண்ட் பை-அவுட்" என்று ஆஃபர் லெட்டரில் பார்த்தால், வரிக்கு முன்பா, பின்பா என்று கேட்டுவிடுங்கள்.

ஏ.எம்.இ. படிப்புக்கு வாங்கிய கல்விக் கடன் ஓடிக்கொண்டிருந்தால், அதன் வட்டிக்குத்தான் கழிவு, அசலுக்கு இல்லை. அதிகபட்சம் 8 வருஷம், அதுவும் பழைய வரி முறையில் மட்டும். 2025-26 முதல் புதிய முறையில் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷனோடு சேர்த்து 12.75 லட்சம் வரை சம்பளத்துக்கு வரியே இல்லை. பயிற்சி காலத்தில் இருக்கிற பெரும்பாலானவர்களுக்கு இந்த வட்டிக் கழிவால் எந்த லாபமும் இல்லை, அதற்காகப் பழைய முறைக்குப் போகாதீர்கள்.

நம்ம தம்பிக்கு நான் சொன்னது இது: ஏ.டி.ஆர். ரேட்டிங் நல்ல சொத்து, வேலையை விடாதே. தொகை மாதாமாதம் குறையணும், சேர்ந்த தேதியிலிருந்து எண்ணணும், கம்பெனி நின்றால் பாண்ட் நிற்கணும். இந்த மூன்றில் இரண்டு கிடைத்தால் கையெழுத்து போடு. செக் கிடையாது. அப்பாவிடம் பேப்பரை முழுசாகப் படித்துக் காட்டிவிட்டு அவரே முடிவு பண்ணட்டும்.

உங்கள் பாண்டில் புரியாத வரி இருந்தால், கம்பெனி பெயரையும் உங்கள் பெயரையும் மறைத்துவிட்டு கமெண்டில் போடுங்கள். அடுத்த வீடியோவில் அவற்றை எடுத்து வரி வரியாகப் பார்ப்போம்.